வீக்ஸ்வில்: பட்டா வாங்கிய வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றைக் காலி செய்தார்கள். அப்போது நான் அந்தப் பகுதியில் களப்பணியாளர். ஒதுக்கீட்டு ஆணை வந்ததா, ரேஷன் கார்டில் பெயர் சரியாக இருக்கிறதா, பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கியாகிவிட்டதா என்று வீடு வீடாகப் பார்ப்பது என் வேலை. விடியற்காலையிலேயே குட்டியானை வண்டிகள் வந்து நின்றுவிட்டன. எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். அதிகாரிகள் கேட்கக்கூடிய காகிதங்கள் அத்தனையும் அதற்குள். பாத்திரம் உடைந்தாலும் பரவாயில்லை, கவர் நனையக் கூடாது என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் சாமான் ஏற்றினார்கள்.

தெருமுனையில் அம்பேத்கர் பெயரில் ஒரு மன்றம் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே ஒரு மர பீரோ. இரவுப் பாடசாலையின் வருகைப் பதிவேடு, கூட்டக் குறிப்பு நோட்டுகள், ஏப்ரல் 14 விழாவின் வரவு செலவு, ஒரு தீ விபத்துக்குப் பிறகு எந்தக் குடும்பத்துக்கு எத்தனை மூங்கில், எத்தனை கட்டு ஓலை கொடுத்தார்கள் என்ற பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. நான் அவற்றை ஒரே ஒரு முறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். பிறகு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வண்டி கிளம்பும் நேரத்தில்தான் பீரோ ஞாபகம் வந்தது. மன்றத்தின் பழைய செயலாளருடைய மனைவியிடம் கேட்டேன். "அத்த யாரும்மா கேக்கப் போறா? வூட்டு சாமானுக்கே வண்டில எடம் இல்ல" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கூடவே கொண்டு போக வேண்டிய காகிதங்கள் என்று நாங்கள் ஒரு பட்டியல் அச்சடித்துக் கொடுத்திருந்தோம். மன்றத்து நோட்டு அதில் இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. பீரோவை யாரோ எடுத்துக்கொண்டார்கள். நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின.

எம்.ஏ. படிக்கும்போது எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். நம்மைப் பற்றி அங்கே நிறைய இருக்கிறது. ஆனால் கலெக்டர் எழுதியது, போலீஸ் எழுதியது, மிஷனரி எழுதியது. நாம் எந்த வரியில் வந்தாலும் மனு கொடுத்தவராகவோ, குற்றவாளியாகவோ, பஞ்சத்தில் செத்தவராகவோதான் வருகிறோம். நம் மக்கள் தங்களுக்காகத் தாங்களே எழுதிக்கொண்ட கணக்கும் குறிப்பும் இருந்த இடம் அந்த மர பீரோதான். அது போன பிறகுதான், ஒரு தெருவின் மக்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே காப்பாற்றிய இடம் எங்காவது உண்டா என்று தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்தது வீக்ஸ்வில்.

வீக்ஸ்வில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் இருக்கிறது. நியூயார்க் என்றாலே அமெரிக்காவின் வடக்கு, அங்கே அடிமைமுறை இருந்திருக்காது என்று பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1790 கணக்கெடுப்பின்போது புரூக்ளின் அடங்கிய கிங்ஸ் கவுண்டியில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அடிமை. டச்சுக் குடும்பங்களின் பண்ணைகளில் அவர்கள்தான் உழுதார்கள். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முழுமையாக ஒழிந்தது 1827 ஜூலை 4 அன்று. அடுத்த நாள், ஜூலை 5 அன்று, கறுப்பின மக்கள் நியூயார்க் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். வெள்ளையர்கள் தங்கள் சுதந்திரத்தைக் கொண்டாடும் நாளோடு தங்கள் நாளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊர்த் திருவிழாவில் கடைசி வரிசையில் நிற்பதை விட்டுவிட்டு நம் தெருவில் நாமே விழா எடுக்கும்போது வரும் உணர்வு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் விடுதலைக்கு முன்பே கதவில் ஒரு பூட்டைப் போட்டு வைத்திருந்தார்கள். 1821இல் எழுதிய மாநில அரசியலமைப்பின்படி, ஒரு கறுப்பின ஆண் வாக்களிக்க வேண்டுமானால் அவர் பெயரில் 250 டாலர் மதிப்புள்ள நிலம் இருக்க வேண்டும். வெள்ளை ஆண்களுக்கு இருந்த சொத்து நிபந்தனை சில ஆண்டுகளில் நீங்கிவிட்டது. கறுப்பின ஆண்களுக்கு மட்டும் அது 1870 வரை, அதாவது 15ஆவது திருத்தம் வரும்வரை நீடித்தது. பெண்களுக்கு எந்த நிறத்திலும் வாக்கு இல்லை. இந்தச் சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை, தீண்டாமை என்ற சொல் இல்லை. வெறும் நிலம்தான். நிலம் யாரிடம் இருக்காது என்று எழுதியவர்களுக்குத் தெரியும்.

1837இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி. நில விலை சரிந்தது. புரூக்ளினின் பெரிய அடிமை உடைமையாளர் குடும்பங்களில் ஒன்றான லெஃபர்ட்ஸ் குடும்பத்தின் பண்ணை நிலம் மனைகளாகப் பிரிந்து விற்பனைக்கு வந்தது. ஹென்றி தாம்சன் என்ற கறுப்பினத்தவர் அங்கே மனைகளை வாங்கினார். அவரிடமிருந்து 1838இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்ற துறைமுகத் தொழிலாளி மனை வாங்கினார். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர் அவர். அவர் பெயரில்தான் ஊர் வீக்ஸ்வில் ஆனது. ஜமீன்தார் பெயரோ தெய்வத்தின் பெயரோ அல்லாமல் மூட்டை தூக்கிய ஒருவரின் பெயர் ஊருக்கு வந்தது என்பதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் சிரிப்பார். அது மகிழ்ச்சிச் சிரிப்பு.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. இது தற்செயலாகச் சேர்ந்த குடியேற்றம் அல்ல. இருக்க இடம் கிடைத்தால் போதும் என்று வந்து தங்கியதும் அல்ல. மனை இருந்தால் வாக்கு, வாக்கு இருந்தால் பேச்சு என்று கணக்குப் போட்டு, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்து வாங்கிய நிலம். 1850களில் 500க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் அங்கே இருந்தார்கள். தங்கள் பள்ளி, தங்கள் தேவாலயங்கள், முதியோர் இல்லம், அநாதை இல்லம் எல்லாம் வந்தன. 1866இல் அங்கிருந்து ஒரு பத்திரிகையும் வந்தது. தெற்கில் அப்போதுதான் விடுதலை அடைந்தவர்களுக்கு எழுத்தறிவிக்கும் பாடங்கள் அதில் இருந்தன.

1863 ஜூலையில் உள்நாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து மன்ஹாட்டனில் வெள்ளையர் கலவரம் வெடித்தது. கோபம் அரசின் மீது, அடி விழுந்தது கறுப்பின மக்கள் மீது. விளக்குக் கம்பங்களில் தூக்கிலிட்டார்கள், கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்துக்குத் தீ வைத்தார்கள். தப்பித்தவர்களில் பலர் ஆற்றைக் கடந்து வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று வீக்ஸ்வில். அடி விழும்போது ஓடிப்போக ஒரு இடம் இருந்ததென்றால், அந்த இடம் யாருடைய நிலமோ அல்ல, தம் மக்களுடைய நிலம் என்பதால்தான்.

அந்த ஊரில் 1847இல் பிறந்தவர் சூசன் ஸ்மித். அப்பா சில்வேனஸ் ஸ்மித் பன்றி வளர்த்தவர், அங்கே நிலம் வாங்கிய ஆரம்பகால மனிதர்களில் ஒருவர். மகள் 1870இல் மருத்துவம் முடித்து, வகுப்பில் முதலாவதாக வந்தார். நியூயார்க் மாநிலத்தின் முதல் கறுப்பினப் பெண் மருத்துவர், நாடு முழுவதிலும் மூன்றாவது. அவருடைய அக்கா சாரா கார்னெட் நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகளில் தலைமையாசிரியரான முதல் கறுப்பினப் பெண். பெண்களின் வாக்குரிமைக்காக புரூக்ளினில் சங்கம் தொடங்கியவர். பன்றி வளர்ப்பதைச் சொல்லி இன்றும் நம்மில் ஒரு பிரிவினரை நாமே ஏளனம் செய்கிறோம். அதனால்தான் அப்பாவின் தொழிலைக் குறிப்பிட்டேன்.

1918இல் சூசன் இறந்தபோது அஞ்சலி செலுத்திப் பேசியவர்களில் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸும் ஒருவர். அதே டு பாய்ஸுக்குத்தான் 1946இல் பாபாசாகேப் கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். பாபாசாகேப் 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்தபோது வீக்ஸ்வில் அதே நகரத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்குள் அது ஊராக இல்லை.

என்ன ஆயிற்று? எரிக்கவும் இல்லை, துரத்தவும் இல்லை. நகரம் வளர்ந்தது, அவ்வளவுதான். 1883இல் புரூக்ளின் பாலம் திறந்தது. நேர்கோட்டுத் தெருக்களைப் போட்டுக்கொண்டே நகரம் கிழக்கே வந்தது. மேடுகளைச் சமப்படுத்தினார்கள், பழைய சாலைகளை மூடினார்கள், மனைகள் கைமாறின. வீக்ஸ்வில் என்ற பெயர் வரைபடத்திலிருந்து போய், பிறகு பேச்சிலிருந்தும் போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதே இடத்தில் பெருமளவில் கறுப்பின மக்களே வாழ்ந்தார்கள். ஆனால் தங்கள் காலடியில் அப்படி ஒரு ஊர் இருந்தது என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. எனக்கு இதில்தான் அதிகம் வலித்தது. மக்கள் இருக்கிறார்கள், மண் இருக்கிறது, நடுவில் இருந்த கயிறு மட்டும் அறுந்துவிட்டது.

1968. அங்கே மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டு. நமக்குக் கீழ்வெண்மணி. அந்த ஆண்டு புரூக்ளினின் பிராட் கல்லூரியில் ஜேம்ஸ் ஹர்லி என்ற வரலாற்றாய்வாளர், சுற்றுப்புறப் பகுதிகளின் வரலாறு பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு பயிலரங்கு நடத்தினார். பழைய நூல்களில் வீக்ஸ்வில் என்ற பெயரை அவர் பார்த்திருந்தார். ஜோசப் ஹெய்ன்ஸ் அந்த வட்டாரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர், விமானம் ஓட்டத் தெரிந்தவர். இருவரும் ஒரு சிறு விமானத்தில் ஏறி அந்தப் பகுதியின் மேலே பறந்து பார்த்தார்கள். சதுரம் சதுரமாக வெட்டிய தெருக்களுக்கு நடுவில், பெர்கன் தெருவின் பின்னால், நான்கு மரவீடுகள் மட்டும் கோணலாக நின்றன. தெருவைப் பார்த்து நிற்காமல் வேறெதையோ பார்த்து நின்றன. அவை பார்த்துக்கொண்டிருந்தது மூடப்பட்டுப்போன ஹன்டர்ஃப்ளை சாலையை. நேர்கோட்டுத் தெருக்கள் வருவதற்கு முன் அங்கே இருந்த சாலை அது.

கூகுள் வரைபடத்தில் நம் கிராமம் எதையாவது மேலிருந்து பாருங்கள். ஊர் ஒரு கொத்து. நடுவில் வயலோ ஓடையோ, அதற்கு அப்பால் தனியாக இன்னொரு கொத்து. பெயர் எழுதாவிட்டாலும் எது சேரி என்று வானத்திலிருந்தே சொல்லிவிடலாம். வீக்ஸ்வில்லுக்கு நேர்ந்த மாதிரி நம் குடியிருப்பு கண்ணுக்கு மறையாது, மறைய விடமாட்டார்கள். மறைவது அதற்குள் இருந்த பெயர்கள்தான். இரவுப் பள்ளி நடத்தியவர், முதல்முறை செருப்போடு ஊர்த்தெருவில் நடந்தவர், கிணற்றுக்காக அடி வாங்கியவர்.

அந்தக் கோணல் வீடுகளில் வாடகைக்கு மக்கள் குடியிருந்தார்கள். அவை பிரபலமான யாருடைய வீடும் அல்ல. சூசன் ஸ்மித் பிறந்த வீடு என்று காட்ட முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். யாரென்று ஊர் அறியாத சாதாரணக் குடும்பங்கள் சமைத்துத் தூங்கிய வீடுகள். அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று மக்கள் முடிவெடுத்தார்கள் என்பதுதான் விஷயம். அதற்காக ஒரு சங்கம் அமைத்தார்கள். வீக்ஸ்வில் மற்றும் பெட்ஃபோர்டு ஸ்டைவசன்ட் வரலாற்றுப் பாதுகாப்புச் சங்கம் என்று நம் மொழியில் சொல்லலாம்.

அதே சமயம் பக்கத்தில் அரசின் நகரச் சீரமைப்புத் திட்டத்துக்காகப் பழைய கட்டடங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். புல்டோசர் வருவதற்கு முன் கிடைப்பதைத் தோண்டி எடுக்க ஒரு கூட்டம் இறங்கியது. வில்லியம் ஹார்லி என்ற உள்ளூர்வாசி, சாரணர் சிறுவர்கள், பி.எஸ். 243 என்ற அரசுப் பள்ளியின் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள். தொல்லியல் துறை வந்து நூல் கட்டிக் குழி போடும்வரை காத்திருக்க நேரமில்லை. உடைந்த பீங்கான், பொம்மை, பாட்டில் என்று கிடைத்தன. 1853இல் எழுதப்பட்ட ஒரு பெண்கள் உதவிச் சங்கத்தின் விதிமுறைப் புத்தகமும் கிடைத்தது. எஸ்தரின் மகள்கள் என்று அந்தச் சங்கத்துக்குப் பெயர். நோயில் படுத்தால், செத்தால் ஒருவருக்கொருவர் கைகொடுத்த பெண்கள். நம் மகளிர் குழுவின் தீர்மான நோட்டு மாதிரி. அந்த வரியைப் படித்தபோது நான் பழைய பேப்பர் கடையை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கிடைத்தது. உலோகத் தகட்டில் பதித்த ஒரு புகைப்படம். நன்றாக உடுத்திய ஒரு கறுப்பினப் பெண், நேராகக் கேமராவைப் பார்க்கிறார். யார் என்று தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. வீக்ஸ்வில் பெண்மணி என்றே அழைக்கிறார்கள். சங்கத்தின் அடையாளமாகவே அந்த முகம் ஆகிவிட்டது.

1970இல் அந்த வீடுகளை நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்கலாமா என்று விசாரணை நடந்தது. பி.எஸ். 243 பிள்ளைகள் நேரில் போய்ப் பேசினார்கள். அறிவிப்பு வந்தது. 1972இல் தேசியப் பட்டியலிலும் சேர்ந்தது. நம் ஊராக இருந்தால் அத்தோடு ஒரு பலகை நட்டு, மாலை போட்டு, கலைந்து போயிருப்போம். அவர்கள் நிறுத்தவில்லை. 1973இல் சங்கம் அந்த வீடுகளை விலைக்கு வாங்கியது. வாங்குவதற்காக வந்த முதல் நன்கொடைகளில் ஒன்று அதே பள்ளியின் பிள்ளைகள் திரட்டிய சுமார் 800 டாலர்.

வீக்ஸ்வில் கதையில் முக்கியமான இடம் இதுதான் என்பது என் எண்ணம். 1838இல் வாக்கு வேண்டும் என்பதற்காக நிலம் வாங்கினார்கள். 1973இல் வரலாறு வேண்டும் என்பதற்காக வீடு வாங்கினார்கள். இரண்டு முறையும், "எங்களை அங்கீகரியுங்கள்" என்று கேட்டதோடு விட்டுவிடாமல், பத்திரம் தங்கள் பெயரில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். சின்னம் என்ற அறிவிப்பு அரசு கொடுப்பது. அந்த வீட்டில் எந்த அறையில் யாருடைய கதையைச் சொல்வது என்பது சாவி வைத்திருப்பவர் கையில்.

நிலத்தை இழந்த கதை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1892இல் வெள்ளை அரசு, செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறோம். மற்ற சாதியினருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம், இன்று பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மீட்புப் போராட்டத்தில் இருக்கும் தோழர்கள் ஒவ்வொரு முறையும் முட்டி நிற்பது ஒரே இடத்தில்: காகிதம் எங்கே? தாத்தா உழுதார் என்று பாட்டிக்குத் தெரியும். எந்த சர்வே எண் என்பது தெரியாது. வரலாற்றைப் பாதுகாப்பது என்றால் ஓய்வு நேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஒரு நாள் தாசில்தார் அலுவலக வாசலில் எங்களோடு வந்து உட்காரலாம்.

சங்கத்தை வளர்த்தவர் ஜோன் மேனார்ட். ஓவியர். அவருடைய அப்பா ஜான் கூப்பர் மேடைகளில் பொம்மையைப் பேச வைக்கும் கலைஞர். கறுப்பின வரலாற்றைப் படக்கதையாகச் சொன்ன ஒரு காமிக்ஸ் வரிசைக்கு ஜோன் படம் வரைந்திருக்கிறார். வரலாற்றில் பட்டம் பெற்ற நிபுணராக அவர் இந்த வேலைக்கு வரவில்லை. 1970களின் தொடக்கத்திலிருந்து 1999 வரை அந்த நான்கு வீடுகளுக்காகப் பணம் கேட்டு, மழைக்குக் கூரை பார்த்து, பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து சுற்றிக்காட்டி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே செலவழித்தார். மரவீடு. ஒழுகும், செல்லரிக்கும். வீடு வாங்கியது 1973இல், பழுது பார்த்து முழுமையாகத் திறந்தது 2005இல். நடுவில் 32 ஆண்டுகள். மேனார்ட் அதைப் பார்த்துவிட்டு 2006இல் இறந்தார்.

அந்த 32 ஆண்டுகளைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. விமானத்தில் பறந்து கண்டுபிடித்தது சுவாரசியமான கதை. ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்த கதையில் சுவாரசியம் இல்லை. நம் அமைப்புகளைப் பார்த்துப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன்: நமக்குப் பறக்கத் தெரியும், வாளி வைக்கத் தெரியாது. மாநாடு நடத்துவோம், மலர் வெளியிடுவோம். அந்த மலரின் பத்துப் பிரதியை பத்து வருடம் கழித்துக் கேட்டால் நடத்தியவரிடமே இருக்காது.

வீக்ஸ்வில்லை ஒரு சொர்க்கமாகக் காட்டுவதற்கும் நான் தயாராக இல்லை. 2010களில் நகரத்தின் பணத்தில் பக்கத்திலேயே பெரிய புதிய கட்டடம் எழுந்தது. கண்ணாடி, காட்சிக்கூடம், அரங்கம். கட்ட அரசு கொடுத்தது. நடத்தும் செலவு சங்கத்தின் தலையில். 2019இல் ஜூன் இறுதிக்குள் 2 லட்சம் டாலர் திரட்டாவிட்டால் கதவை மூட வேண்டும் என்ற நிலை. வெளிப்படையாக அறிவித்தார்கள். 4,000க்கும் மேற்பட்டவர்கள் பணம் அனுப்பினார்கள், கேட்டதைவிட அதிகமாகவே சேர்ந்தது. அதற்குப் பிறகுதான், நகரத்திடமிருந்து தொடர்ந்து உதவி பெறும் பண்பாட்டு நிறுவனங்களின் வரிசையில் வீக்ஸ்வில்லைச் சேர்த்தார்கள். பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாம் எப்போதோ உட்கார்ந்துவிட்ட வரிசை அது. கட்டடத்தைத் திறந்து வைக்க வருகிறவர்கள் கரண்ட் பில் கட்ட வருவதில்லை என்பது புரூக்ளினிலும் அப்படித்தான்.

இன்னொரு நெருடல். அந்த வட்டாரத்தில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பரம்பரையாக இருந்த கறுப்பினக் குடும்பங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறுகின்றன. வீடு நிற்கிறது, வீட்டைப் பற்றிய கதையும் நிற்கிறது, சொந்தக்காரர்களின் பேரப்பிள்ளைகள் பேருந்து பிடித்து வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு வரலாற்றுச் சங்கத்தால் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்ப்பக்கத்தில், பி.எஸ். 243க்கு இப்போது வீக்ஸ்வில் பள்ளி என்றே பெயர். அங்கே படிக்கும் பிள்ளைக்குத் தன் பள்ளியின் பெயருக்குக் காரணம் கேட்கத் தோன்றும். 1967இல் அங்கே படித்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியே இல்லை.

பெயர் என்றதும் நம் பக்கத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் முதலமைச்சர், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். அந்தச் சொல்லை முகவரியில் எழுதக் கூசி, பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் பலகையை மாற்றுவதற்கு முன் ஒரு நாள் மாலை உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலனிக்கு முன்னால் என்ன பெயர், அதை யார் வைத்தார்கள், காலனி வீடு எந்த ஆண்டு வந்தது, அதற்காக யார் மனு எழுதினார்கள், யார் அடி வாங்கினார்கள். இழிவைத் துடைக்கும்போது, அந்த இழிவோடு மல்லுக்கட்டியவர்களும் சேர்ந்து துடைபட்டுவிடக் கூடாது.

இதற்கு விமானம் வேண்டாம், பட்டமும் வேண்டாம். மன்றத்தின் நோட்டை செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மூன்று பேர் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. தேவாலயம் இருக்கும் சேரி என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாத்தாவுக்குத் தாத்தா பெயர்வரை கிடைக்கலாம். பள்ளி சேர்க்கைப் பதிவேடு, மஞ்சள் நீராட்டு பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், சுடுகாட்டுப் பாதைக்காகக் கொடுத்த மனுவின் நகல். எங்கள் மக்கள் காகிதத்தைத் தூக்கிப் போடுகிறவர்கள் அல்ல. கேட்கும் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். இதையும் கேட்க ஒருவர் வேண்டும். பணம் இருக்கும் இடத்தில் ஒரு அறையாவது மன்றத்தின் பெயரில் கிரயம் செய்துகொள்ளுங்கள். புறம்போக்கில் இருக்கும் மன்றத்தின் பீரோவும் புறம்போக்கில்தான் இருக்கிறது.

அந்த ஆற்றோரத்து மக்கள் இப்போது நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளில் வெவ்வேறு பிளாக்குகளில் சிதறி இருக்கிறார்கள். போன வருடத்திலிருந்து மாதம் ஒரு ஞாயிறு நாலைந்து பேர் ஒருவர் வீட்டில் கூடுகிறோம். சங்கம் என்று பெயர்ப்பலகை எல்லாம் இல்லை. நோட்டுகள் போனது போனதுதான். ஆனால் பழைய செயலாளரின் மனைவி, அன்று வண்டியில் இடமில்லை என்று சொன்ன அதே அம்மா, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து வைத்தார். இரவுப் பாடசாலை ஆண்டு விழா, கறுப்பு வெள்ளை, ஓரம் கரையான் அரித்தது. "இது மட்டும் செவுத்துல மாட்டியிருந்துச்சு. கையோட கயட்டினு வந்துட்டேன்" என்றார்.

இருபத்திரண்டு முகங்கள். அந்த அம்மாவும் இன்னும் இரண்டு பெரியவர்களும் பார்த்துப் பார்த்துப் பெயர் சொன்னார்கள். "இது நம்ம பீட்டர் அண்ணன், ஆர்பர்ல வேல பாத்தாரே", "இவன் பத்தாவது பாஸ் பண்ண மொத ஆளு" என்று ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே சொன்னார்கள். நான் ஒரு தாளில் வரிசைப்படி எழுதிக்கொண்டு வந்தேன். பத்தொன்பது பெயர் சேர்ந்துவிட்டது. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, சிலேட்டை மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார். அவர் யாரென்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. அவரைத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு ஆயா ஏழாவது பிளாக்கில் மகளோடு இருக்கிறாராம், கண் சரியாகத் தெரியாது, போட்டோவைப் பெரிதாக்கி எடுத்து வரச் சொன்னார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.